மதுரை நாயக்கர் அமைச்சர் குழு

மதுரை நாயக்கர் அமைச்சர் குழு என்பது, 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி முதல் 1736 வரை மதுரையையும் திருச்சிராப்பள்ளியையும் தலைநகரங்களாகக் கொண்டு ஆண்ட மதுரை நாயக்க மன்னர்களுக்கு ஆட்சியில் துணைநின்ற உயர் அலுவலர்களின் குழு ஆகும். தளவாய், பிரதானி, இராயசம், கணக்கர், தானாபதி ஆகியோர் இதன் முதன்மை உறுப்பினர்கள். இவர்களுள் தளவாயும் பிரதானியும் ஏனையோரை விட மேலான அதிகாரம் பெற்றிருந்தனர். சில காலங்களில் இவ்விரு பதவிகளையும் ஒருவரே வகித்தார். மதுரை நாயக்கர் ஆட்சியின் ஏற்றத்திலும் இறக்கத்திலும் இந்த இணைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்றைய பொருளில் இதனை அமைச்சரவை என்று சொல்வது முழுவதும் பொருந்தாது. இந்தியாவில் அமைச்சர்கள் கூட்டாகச் சட்டமன்றத்திற்குப் பொறுப்பானவர்கள். நாயக்கரின் அமைச்சர்கள் எந்த அவைக்கும் பொறுப்பானவர்கள் அல்லர். நாயக்கர் ஒருவருக்கே கடமைப்பட்டவர்கள். இந்த வகையில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் அமைச்சரவையோடு இதனை ஓரளவு ஒப்பிடலாம். அங்கும் தலைவரே தம் துணைவர்களைத் தேர்ந்தெடுக்கிறார், அவரே அவர்களை நீக்குகிறார். அவர்கள் கூடி வாக்களித்து அவரது முடிவை மாற்ற இயலாது. ஆயினும் அங்கு நியமனத்திற்குச் செனட் சபையின் ஒப்புதல் வேண்டும். நாயக்கருக்கு எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை. அவருக்குக் கடினமாக இருந்தது நியமித்தல் அன்று, நீக்குதலே.

முன்வரலாறு

மதுரையில் அரசருக்கு உயர் அலுவலர் குழு இருந்தது நாயக்கர் காலத்துக்கு மிகவும் முற்பட்ட வழக்கம். ஐம்பெருங்குழு, எண்பேராயம் என்னும் குழுக்களைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் குறிப்பிடுகின்றன. அமைச்சர், புரோகிதர், சேனாபதியர், தூதர், சாரணர் ஆகிய ஐவகையினரை ஐம்பெருங்குழு என்று உரையாசிரியர்கள் விளக்குவர்.

இதற்குக் கல்வெட்டுச் சான்று மதுரைக்கு மிக அருகிலேயே உள்ளது. ஒத்தக்கடையை அடுத்த ஆனைமலையில் உள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரைக் கோயிலை எடுப்பித்தவர் பாண்டியன் நெடுஞ்சடையனின் உத்தரமந்திரியான மாறன்காரி என்பவர். கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு இதனைத் தெரிவிக்கிறது. கோயிலுக்கு நீர்த்தெளி நடைபெறும் முன்னரே மாறன்காரி இறந்துவிட்டார். அவருக்குப் பின் உத்தரமந்திரி பதவியை அடைந்த அவருடைய தம்பி மாறன் எயினன் முகமண்டபம் அமைத்து அப்பணியை நிறைவு செய்தார். அண்ணனின் பதவி தம்பிக்குச் சென்றதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் சான்றுகள் அக்காலத்துக்கு அரியவை. இதே மாறன்காரி வேள்விக்குடிச் செப்பேட்டில் அரசாணையை நிறைவேற்றும் ஆணத்தியாகவும் காணப்படுகிறார்.

மாணிக்கவாசகர் பாண்டியனிடம் தென்னவன் பிரமராயன் என்னும் பட்டத்துடன் அமைச்சராக இருந்ததாகவும், குதிரை வாங்கக் கொண்டு சென்ற அரசுப் பொருளைத் திருப்பெருந்துறையில் கோயிற்பணிக்குச் செலவிட்டதாகவும் சைவ மரபு கூறுகிறது. பக்திக் கதையாகச் சொல்லப்படும் இதில் நிர்வாகச் செய்தி ஒன்றும் அடங்கியுள்ளது. கருவூலப் பணத்தை எடுத்துச் சென்று படைக்கு வேண்டியதை வாங்குவது அமைச்சரின் பணிகளுள் ஒன்றாகவே மக்கள் நினைவில் இருந்தது என்பதே அது.

தோற்றம்

விசுவநாத நாயக்கர் மதுரையில் ஆட்சியை நிறுவியது 1529-ஆம் ஆண்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இவர் விசயநகரப் பேரரசின் அலுவலராக வந்தவர். இவருடைய தந்தை நாகம நாயக்கர், பாண்டியனுக்கு உதவுவதற்காகப் பேரரசரால் அனுப்பப்பட்டு, மதுரையைக் கைப்பற்றிய பின் அதனைத் தாமே வைத்துக்கொண்டார் என்றும், தந்தையைச் சிறைப்பிடித்து வரும் பொறுப்பை விசுவநாதரே ஏற்றார் என்றும் மரபுவழிச் செய்திகள் கூறுகின்றன. இதன் விவரங்கள் பற்றி ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், அனுப்பிய அரசரை மீறும் உயர் அலுவலர் பற்றிய கதையோடு இந்த அரசமரபின் வரலாறு தொடங்குவது கவனிக்கத்தக்கது. பின்னர் நாயக்கர்கள் தம் அமைச்சர்களிடம் இதே சிக்கலைச் சந்தித்தனர்.

பதவிப் பெயர்களுள் பெரும்பாலானவை விசயநகர ஆட்சியிலிருந்து வந்தவை. மைசூர், திருவிதாங்கூர் அரசுகளிலும் தளவாய் என்னும் பதவி இருந்தது. மராத்தியப் பேரரசர் சிவாஜி 1674-இல் முடிசூடியபோது அமைந்த அஷ்டப் பிரதான் என்னும் எண்மர் குழுவின் பெயரிலும் பிரதானி என்னும் சொல்லின் மூலத்தையே காண்கிறோம். அக்குழுவில் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அமைச்சர் இருந்தார். மதுரையில் அவ்வளவு கண்டிப்பான துறைப் பிரிவு இல்லை.

பதவிகள்

தளவாய்: படைத்தலைவர். போர்க்காலத்தில் படை நடத்துவதோடு பாளையக்காரர்களை அடக்கி வைப்பதும் இவருடைய பொறுப்பு. பாளையக்காரர்கள் செலுத்த வேண்டிய திறையும் அனுப்ப வேண்டிய படையும் இவரது அதிகாரத்தை நம்பியே வந்து சேர்ந்தன. ஆகவே உள்நாட்டு ஆட்சியிலும் தளவாயே முதலிடம் பெற்றார். இவரை முதலமைச்சர் என்றே குறிப்பிடும் ஆசிரியர்களும் உளர்.

பிரதானி: வருவாய்க்கும் கருவூலத்திற்கும் பொறுப்பானவர். நிலவரி, பாளையங்களின் திறை, முத்துக்குளிப்பு வருவாய் முதலியவை இவர் மேற்பார்வையில் இருந்தன.

இராயசம்: அரசரின் எழுத்துப் பணிகளைக் கவனிக்கும் செயலர். நாயக்கர் வாய்மொழியாக இடும் ஆணையை ஓலையிலோ செப்பேட்டிலோ எழுத்தாக்குபவர் இவரே. படையும் பணமும் இவர் கையில் இல்லை. ஆயினும் அரசரின் ஆணைகளும் அவருக்கு வரும் மடல்களும் இவர் வழியாகவே சென்றன. இதனால் இப்பதவி பெயருக்கு மீறிய செல்வாக்கு உடையதாயிற்று.

கணக்கர்: அரசின் வரவு செலவுக் கணக்கைப் பேணியவர். ஊர்க் கணக்கர் வரை நீண்ட ஒரு வரிசையின் தலைமை இடம் இது.

தானாபதி: வெளி அரசுகளோடு நடைபெறும் தொடர்புகளைக் கவனித்தவர். ‘ஸ்தானாபதி’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் இது. பாளையக்காரர்களும் தத்தம் தானாபதிகளைக் கொண்டிருந்தனர். பாஞ்சாலங்குறிச்சி வீரபாண்டிய கட்டபொம்மனின் தானாபதியான சுப்பிரமணிய பிள்ளை 1799-இல் நாகலாபுரத்தில் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்டார். இப்பதவிப் பெயர் இன்றும் தமிழ் மக்களுக்கு அறிமுகமாக இருப்பது பெரும்பாலும் அவராலேயே.

இவர்கள் தலைநகரில் இருந்தவர்கள். தொலைவில் உள்ள பகுதிகளுக்கு அரசப் பிரதிநிதிகள் அனுப்பப்பட்டனர். திருமலை நாயக்கர் காலத்திலும் அதற்குப் பின்னும் திருநெல்வேலிச் சீமையை நிருவகித்த வடமலையப்ப பிள்ளையன் இவர்களுள் புகழ் பெற்றவர். தமிழ்ப் புலவரும் ஆவார். ஒல்லாந்தர் கொண்டு சென்ற திருச்செந்தூர் முருகன் சிலையைக் கடலிலிருந்து மீட்டவர் இவரே என்பது அக்கோயில் மரபு.

தெரிவு

அமைச்சர்களைத் தேர்ந்தெடுக்க எழுதப்பட்ட விதி இருந்ததாகத் தெரியவில்லை. பதவி வகித்தவர்களின் பெயர்களை நோக்கினால் ஒரு போக்கு புலப்படும். அரியநாத முதலியார் தொண்டை மண்டலத்து வேளாளர். இராமப்பையனும் நரசப்பையனும் பிராமணர்கள். சொக்கநாதரின் தளவாய்களான இலிங்கம நாயக்கரும் வேங்கட கிருஷ்ணப்ப நாயக்கரும் ஆளும் குடியினரைப் போலத் தெலுங்கு நாயக்கர்கள். ஆகவே இப்பதவிகள் ஒரே சமூகத்துக்கு உரியனவாக இருக்கவில்லை.

ஆட்சிக்கு அடிப்படையாக இருந்த பாளையக்காரர்கள் இக்குழுவின் இயல்பான உறுப்பினராக இருக்கவில்லை. அவர்களுக்குச் சொந்தமாக நிலமும் படையும் இருந்தன. அமைச்சருக்கோ அரசர் அளித்த பதவியே வலிமை. அரசரின் தயவை நம்பியிருப்பவர் அரசருக்கு உண்மையாக இருப்பார் என்பதே இத்தெரிவின் அடிப்படை எனலாம். ஆனால் படையைப் பல ஆண்டுகள் தம் கையில் வைத்திருக்கும் தளவாய் அரசரின் தயவை எவ்வளவு காலம் நம்பியிருப்பார் என்ற கேள்விக்கு இம்முறையில் விடை இல்லை.

அரியநாத முதலியார்

விசுவநாத நாயக்கரின் தளவாயாகவும் பிரதானியாகவும் விளங்கிய அரியநாத முதலியார், அவருக்குப் பின் வந்த நாயக்கர்களிடமும் பணியாற்றி 1600-ஆம் ஆண்டளவில் இறந்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு மேல் அரசர்கள் மாறினாலும் அமைச்சர் மாறவில்லை.

72 பாளையங்களாக நாட்டைப் பிரித்த முறை இவருடையது எனப்படுகிறது. மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களும் ஒவ்வொரு பாளையக்காரரின் பாதுகாப்பில் விடப்பட்டன. பாளையத்தின் வருவாயில் மூன்றில் ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைச் செலவுக்கு, எஞ்சியது பாளையக்காரருக்கு என்பது மரபாகச் சொல்லப்படும் கணக்கு. (அக்கோட்டையை 1840-களில் ஆட்சியர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்தார். மதுரையின் வெளி வீதிகளை அடுத்துள்ள மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அதன் பின்னர் உருவானவை.)

பாளையங்களை அமைத்தவரே படைக்கும் கருவூலத்திற்கும் தலைவராக இருந்ததால் ஆணைக்கும் செயலுக்கும் இடையே தடை இருக்கவில்லை. இரு பதவிகளும் ஓரிடத்தில் இணைந்ததன் நன்மையை இவர் காலத்தில் காண்கிறோம். அதன் தீமையைக் காண மதுரை இன்னும் 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

இராமப்பையன்

திருமலை நாயக்கரின் (1623–1659) தளவாய் இராமப்பையன். அவ்வாட்சியின் தொடக்க காலத்தில் மைசூர்ப் படை திண்டுக்கல் வரை வந்தபோது, கன்னிவாடிப் பாளையக்காரரான அரங்கண்ண நாயக்கரின் துணையோடு அதனைத் துரத்தினார். பின்னர் இராமநாதபுரத்து இரண்டாம் சடைக்கன் சேதுபதியோடு நடந்த போரில் மதுரைப் படையை நடத்தினார். பாம்பன் கடலைக் கடந்து இராமேசுவரத் தீவு வரை சென்ற அப்போரின் முடிவில் சேதுபதி சிறைப்பட்டார். ‘இராமப்பய்யன் அம்மானை’ என்னும் நாட்டுப்புறக் கதைப்பாடல் இப்போரைப் பற்றியதே. தமிழில் ஓர் அமைச்சரின் பெயரால் வழங்கும் கதைப்பாடல்கள் மிகச் சிலவே. திருமலை நாயக்கர் காலத்தில் இவ்வளவு வலிமை வாய்ந்த தளவாய் இருந்தும் அரசருக்கு அவரால் தீங்கு நேரவில்லை. அமைச்சரின் பண்பு மட்டுமன்றி, அரசரின் ஆளுமையும் இதற்குக் காரணமாகும்.

சொக்கநாதர் கால நெருக்கடி

1659-இல் சொக்கநாத நாயக்கர் அரசுரிமை பெற்றபோது மிக இளையவர். ஆட்சி தளவாய் இலிங்கம நாயக்கர், பிரதானி, இராயசம் ஆகிய மூவரிடம் இருந்தது. அக்காலத்தில் மதுரை மறைப்பணித் தளத்தில் இருந்த இயேசு சபையினர் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் இதனை விரிவாகக் கூறுகின்றன. செஞ்சிப் பகுதியில் இருந்த பீசப்பூர்ப் படைக்கு எதிராக அனுப்பப்பட்ட தளவாய், போரை முடிக்காமல் காலத்தையும் பணத்தையும் வீணாக்கினார். தலைநகரில் பிரதானியும் இராயசமும் சொக்கநாதரைக் கட்டுக்குள் வைத்திருந்தனர். அவரை நீக்கி அவருடைய தம்பியை அரியணை ஏற்றுவது இவர்களின் திட்டம்.

சூழ்ச்சி சொக்கநாதருக்குத் தெரியவந்தது. தலைநகரில் இருந்த இருவரையும் அவர் கடுமையாகத் தண்டித்தார். தளவாய் தப்பியோடி, பீசப்பூர்ப் படையின் தலைவரும் சிவாஜியின் தந்தையுமான ஷாஜியுடன் சேர்ந்துகொண்டார். பின்னர் இருவரும் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டனர். தாம் நேற்று வரை காத்த கோட்டையை இன்று முற்றுகையிடும் தளவாயைச் சொக்கநாதர் எதிர்கொள்ள வேண்டியதாயிற்று. தாமே படை நடத்திச் சென்று வென்றார்.

பதவி ஆசையால் மதுரை அடைந்த அடுத்த இழப்பு தஞ்சாவூர். 1673-இல் தளவாய் வேங்கட கிருஷ்ணப்ப நாயக்கர் தஞ்சையை வென்று கொடுத்தார். அதன் பொறுப்பைச் சொக்கநாதர் தம் குடும்பத்தோடு நெருங்கிய உறவுடைய அழகிரி நாயக்கரிடம் ஒப்படைத்தார். சிறிது காலத்திலேயே அழகிரி தம்மைத் தனியரசராகக் கருதலானார். இதற்கிடையில், தஞ்சையின் பழைய அரசகுடியில் எஞ்சிய செங்கமலதாசன் என்னும் சிறுவனுக்காக இராயசம் வெங்கண்ணா என்பவர் பீசப்பூரின் உதவியை நாடினார். பீசப்பூர் அனுப்பிய ஏகோஜி, அழகிரியை விரட்டிச் செங்கமலதாசனை அரியணையில் அமர்த்தினார். வெங்கண்ணா எதிர்பார்த்தது தளவாய்ப் பதவி. செங்கமலதாசனோ தம்மை நாகப்பட்டினத்தில் வளர்த்த செட்டியாருக்கு அதனை அளித்தார். மனம் கசந்த வெங்கண்ணா, தஞ்சையைத் தாமே எடுத்துக்கொள்ளுமாறு ஏகோஜியைத் தூண்டினார் என்று தெலுங்கு வரலாற்று நூலான ‘தஞ்சாவூரி ஆந்திர ராஜுல சரித்திரமு’ கூறுகிறது. 1676-ஆம் ஆண்டளவில் தஞ்சையில் மராத்தியர் ஆட்சி தொடங்கியது. ஓர் அமைச்சர் பதவி யாருக்கு என்ற பூசலும் அதற்கு ஒரு காரணமாயிற்று.

சொக்கநாதரின் துன்பம் இத்தோடு முடியவில்லை. 1678-இல் அவர் நீக்கப்பட்டு அவருடைய தம்பி முத்துலிங்க நாயக்கர் அரசராக்கப்பட்டார். குதிரைப்படைத் தலைவரான ருஸ்தம் கான் முத்துலிங்கரை அகற்றிவிட்டுச் சொக்கநாதரைப் பெயரளவில் அரசராக வைத்து, ஏறத்தாழ இரண்டாண்டுகள் தாமே ஆண்டார்.

மங்கம்மாள் காலமும் அதன் பின்னும்

இராணி மங்கம்மாள் தம் பேரன் விஜயரங்க சொக்கநாதருக்காக 1689 முதல் 1706 வரை ஆட்சி புரிந்தார். இவருடைய தளவாய் நரசப்பையன் 1697-இல் திருவிதாங்கூர் மீது படையெடுத்துத் திறை பெற்றுத் திரும்பினார். தஞ்சை மராத்தியருடனும் போரிட்டார். 1702-இல் கிழவன் சேதுபதியோடு நடந்த போரில் உயிரிழந்தார்.

அமைச்சரும் அலுவலரும் எடுத்த முடிவை அரசு மறு ஆய்வு செய்த நிகழ்ச்சி ஒன்றும் இவர் காலத்தில் நடந்தது. மதுரையில் பட்டு நெசவு செய்து வந்த சௌராட்டிரர் பதினெண்மர், உபாகருமம் என்னும் பூணூல் சடங்கைச் செய்ததற்காக மதுரையின் ஆளுநரால் சிறைப்பிடிக்கப்பட்டனர். முறையீடு மங்கம்மாளிடம் சென்றது. அவர் சாத்திரம் அறிந்தவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்டு, சௌராட்டிரருக்கு அவ்வுரிமை உண்டு என ஓலை வழங்கினார். அலுவலரின் ஆணைக்கு மேல் அரசரை அணுக வழி இருந்தது என்பதற்கும், அரசர் தம் அமைச்சர்களை மட்டுமே கேட்டு முடிவு செய்யவில்லை என்பதற்கும் இது சான்று.

மங்கம்மாளின் இறுதி நாள்கள் துயரமானவை. பேரனின் தரப்பினர் அவரைச் சிறைவைத்து உணவின்றி இறக்கச் செய்தனர் என்பது மதுரையில் வழங்கும் வாய்மொழிச் செய்தி. விஜயரங்க சொக்கநாதர் (1706–1732) திருத்தலப் பயணங்களிலும் கோயில் கொடைகளிலும் ஈடுபாடு மிக்கவர். ஆட்சிப் பொறுப்பு பெரும்பாலும் அமைச்சர்களிடமே இருந்தது. அவருக்கு மகன் இல்லை. மனைவி மீனாட்சி ஆட்சியை ஏற்றபோது, பங்காரு திருமலை நாயக்கர் அரசுரிமை கோரினார். அரசவை இரு பிரிவாயிற்று. இப்பூசலில் தலையிட்ட ஆர்க்காட்டுச் சந்தா சாகிபு 1736-இல் ஆட்சியைக் கைப்பற்றினார்.

பதவிப் பெயர்களின் பிற்கால வழக்கு

அரசு மறைந்த பின்னும் பதவிப் பெயர்கள் மறையவில்லை. அரியநாதரின் வழிவந்தவர்களாகத் தம்மைக் கூறும் திருநெல்வேலிக் குடும்பத்தினர் தளவாய் முதலியார் என்றே அழைக்கப்படுகின்றனர். இராயசம் என்பது ஆந்திரத்தில் குடும்பப் பெயராக வழங்குகிறது. மைசூரில் தளவாய்கள் 18-ஆம் நூற்றாண்டில் உடையார் அரசர்களைப் பெயரளவினராக்கித் தாமே ஆண்டனர். 1734-இல் ஓர் அரசரை நீக்கவும் செய்தனர். திருவிதாங்கூரில் இப்பதவி வேலுத்தம்பி தளவாய் காலம் வரை நீடித்தது. 1809-இல் ஆங்கிலேயரை எதிர்த்து அவர் உயிர் துறந்த பின், அங்கு முதலமைச்சர் திவான் என்றே வழங்கப்பட்டார்.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபம் அரியநாத முதலியார் கட்டியதாகக் கருதப்படுகிறது. பெயர் ஆயிரங்கால் எனினும் அதில் உள்ள தூண்கள் 985. மண்டபத்தின் முகப்பில் குதிரை மீது அமர்ந்த வீரர் சிற்பம் ஒன்று உள்ளது. அது அரியநாதரின் உருவம் என்று சொல்லப்படுகிறது.